தப்பிவந்த இகுவானாவும் வைத்தியசாலைப் பதிவும்

கேள்வி: அயல்வீட்டார் வளர்த்த பச்சை இகுவானா (பெரிய பல்லியினம்), திறந்துகிடந்த கூட்டிலிருந்து தப்பி எங்கள் வளவுக்குள் வந்து, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவை வாலால் அடித்தது. அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. அயலவர் அதைச் சாக்கில் பிடித்துக்கொண்டு போனவர், அம்மாவை ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. பழைய வேலித் தகராற்றைச் சொல்லி ஏளனம் செய்கிறார். பொலிஸ் வரை போகவேண்டாமென்று வைத்தியசாலையில் வழுக்கி விழுந்ததாகவே சொன்னோம். அவர் தருவதாகச் சொல்லும் தொகை போதாது. வழக்குத் தொடரலாமா? (வாசகர், உவர்மலை, திருகோணமலை)

பதில்: அயலவர் வந்து பார்க்காததும், ஏளனமும், வேலித் தகராறும் வழக்கில் ஒரு சதமும் பெறாதவை. விலங்கு யாருடையது என்பதிலும் பெரிய சிக்கலில்லை. கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான் முட்டியிருந்தால் எந்தத் தனியாளையும் எதிராளியாக நிறுத்தமுடியாது. பற்றைக்குள்ளிருந்து வந்த உடும்பானாலும் அப்படியே. இகுவானா மத்திய, தென் அமெரிக்காவுக்குரியது. அதை அவரே பிடித்துக்கொண்டும் போயிருக்கிறார். அதைக் கண்ட வேற்று வீட்டார் ஒருவரின் சாட்சியம் இருந்தால் போதும்.

உங்களைத் தோற்கடிக்கக்கூடியது, வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம் என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான். இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில், நாயோ மாடோ தன் இயல்புக்கு மாறாக ஊறு விளைவித்தால், உரிமையாளரின் தவறை நிரூபிக்காமலே நட்டஈடு கோரும் வழியுண்டு. நாய், மாடு போல வீட்டு விலங்கல்லாத இகுவானாவுக்கு அந்த வழியை நம்பி நான் இறங்கமாட்டேன். அயலவரின் கவனயீனத்தையும், அதனாலேயே காயம் ஏற்பட்டதையும் நீங்கள் நிரூபிக்கவேண்டும். திறந்துகிடந்த கூடு முதலாவதற்கு உதவும். இரண்டாவதற்கு எதிராக நிற்பது உங்கள் வாயாலேயே வந்த பதிவு. பணம் கேட்கும் எண்ணம் வருமுன் சொன்னது என்பதால், பின்னர் சொல்லும் எதையும்விட அதற்கே நீதிமன்றம் கூடிய மதிப்பளிக்கும். வயதானவர்களுக்குச் சாதாரணமாக விழுந்தாலே இடுப்பெலும்பு முறியும் என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வைத்தியரிடமே கேட்டு வாங்கிக்கொள்வார். இப்போது போய் அந்தப் பதிவைத் திருத்தித் தரும்படி வைத்தியரைக் கேட்கவேண்டாம். அப்படிக் கேட்டவர்கள் குறுக்கு விசாரணையில் பட்ட பாட்டைக் கண்டிருக்கிறேன்: பிழையான பதிவை விளக்கலாம், திருத்த முயன்றதை விளக்க முடியாது.

பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டு, நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பவர்களும் பலர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடரவேண்டும். குற்றவியல் வழக்கு இழுபடுகிறது என்பதற்காக அந்தக் காலம் நீளாது.

ஆகவே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைச் செலவும் இயன்மருத்துவச் செலவும் கிடைத்தால் அதற்குமேல் பிடிவாதம் வேண்டாம். வழக்கில் வென்றாலும் அதைவிடக் கூடுதலாகக் கையில் மிஞ்சும் என்று என்னால் உறுதிசொல்ல முடியாது. ஆனால் இணக்கத்தை மத்தியஸ்த சபையில் எழுத்தில் செய்துகொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தில் நீட்டப்படும் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்றிருந்தால், மறு சத்திரசிகிச்சை தேவைப்படுமா என்று எலும்பியல் வைத்தியரிடம் கேட்டறியும்வரை அம்மாவைக் கையெழுத்திட விடாதீர்கள்.