தவிடு, புண்ணாக்கு, கிழங்குத் தோல்: கோழித் தீவனக் கேள்வி பதில்

மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டு, தவிடும் குருணையும் மட்டும் போட்டு முட்டைக்கோழி வளர்க்கலாமா ஐயா?

சரி என்று சொன்னால், முட்டை குறைந்த பிறகு என்னைத்தான் திட்டுவீர்கள். மக்காச்சோளத்துக்குக் குருணை நல்ல மாற்றுதான். ஆனால் இரண்டிலுமே புரதம் 8 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். முட்டைக்கோழிக்கு 16, 17 வேண்டும். தவிட்டில் 12, 13 இருந்தாலும் நார் அதிகம், மாடு மாதிரி அதைச் செரிக்கக் கோழியால் முடியாது. கலவையில் தவிட்டை 10 முதல் 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, புரதத்துக்குச் சோயா அல்லது நல்ல புண்ணாக்கு சேருங்கள். கிளிஞ்சல் தூளை மறக்க வேண்டாம்: முட்டை ஓட்டுக்குத் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் தேவை. அப்புறம், மஞ்சள் மக்காச்சோளம் போனால் மஞ்சள்கருவும் வெளுக்கும். நிழலில் உலர்த்திய முருங்கை இலைத் தூள் கொஞ்சம் கலந்தால் நிறம் திரும்பும்.

வாங்கிய சில நாளிலேயே தவிட்டைக் கோழிகள் ஒதுக்குகின்றன. ஏன்?

முகர்ந்து பாருங்கள், காறல் வாடை அடிக்கும். நெல் அரைபட்டதுமே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பித்துவிடும். புழுங்கல் நெல்லின் தவிடு கூடுதல் நாள் தாங்கும். அவிக்கும்போதே அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. எண்ணெய் எடுத்த தவிடும் காறாது, ஆனால் எரிசக்தி குறைவு. உமி கலந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் போடுங்கள். உமி மேலே மிதக்கும்.

கடலைப் புண்ணாக்கில் லேசாகப் பூஞ்சணம். வெயிலில் காயவைத்துப் போடலாமா அண்ணா?

போடாதீர்கள். வெயிலில் பூஞ்சணம் காயும், அது உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு போகாது. சமையல் சூட்டுக்கும் அது அழியாது. கல்லீரலைக் கெடுக்கும், குஞ்சுகள்தான் முதலில் விழும். வாத்து வளர்த்தால் இன்னும் மோசம். கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், வாங்கும்போதே கட்டியை உடைத்து உள்ளே ஈரம் பாருங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். நல்ல கடலைப் புண்ணாக்கிலும் புரதத்தின் கூறுகளான லைசின், மெத்தியோனின் இரண்டும் குறைவு. எள்ளுப் புண்ணாக்கு மெத்தியோனினை ஈடுகட்டும், லைசினுக்குச் சோயாதான்.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு போட்டதிலிருந்து, எடுத்துவைத்த முட்டையில் மஞ்சள்கரு பச்சையடிக்கிறது.

அது காசிப்பால் என்ற பொருளின் வேலை. அந்தப் புண்ணாக்கிலுள்ள வேறொரு கொழுப்பு அமிலத்தால் வெள்ளைக்கரு இளஞ்சிவப்பாகவும் மாறலாம். முட்டைக்கோழிக்கு அதை நிறுத்திவிடுங்கள்.

மரவள்ளித் தோல்?

பச்சையாக வேண்டாம். சயனைடு நஞ்சு சதையைவிடத் தோலில் அதிகம். சிறிதாக நறுக்கி, மெல்லிய பரப்பாக வெயிலில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவிடுங்கள்; நஞ்சு பெருமளவு குறையும். இதில் புரதம் சொற்பம், அதனால் சேர்க்கும் அளவுக்கு ஏற்பப் புண்ணாக்கைக் கூட்ட வேண்டும். தூள் பறந்தால் கோழி சரியாகத் தின்னாது, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசறி அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே?

ரிசின் நஞ்சு. வயலுக்கு உரமாகப் போடுங்கள், அதையும் கோழி கொத்தாத இடமாகப் பார்த்து.

பழைய தீவனத்திலிருந்து எப்படி மாறுவது?

ஒரு வாரம் பத்து நாளில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டு முட்டை குறைந்தால், எதனால் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.