உப்புக்காற்றும் ஊர்வாசமும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு உவரிக்கே திரும்பிவிட்டோம். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ஜன்னல் கம்பி பொரிந்து உதிர்கிறது. பெயின்ட் ஒரு வருஷம்கூட நிற்பதில்லை. கோடையில் கிணறு கரிக்கிறது. வீட்டை விற்றுவிட்டுத் திருநெல்வேலிக்கு வரச்சொல்கிறான் மகன். எனக்கோ மனசு வரவில்லை. என்ன செய்ய?
- வாசகி, உவரி

பதில்: விற்க வேண்டாம் அம்மா. நீங்கள் சொல்லும் இரண்டுமே சமாளிக்கக்கூடியவைதான்.

முதலில் கம்பி. பெயின்ட் மேல் குற்றமில்லை, உப்பின் மேலேயே பூசுவதுதான் குற்றம். உள்ளே மாட்டிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பெயின்ட் கொப்பளித்து உரியும். கம்பித் தூரிகையால் துருவை உதிர்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே, பொழுது சாய்ந்து ஈரம் இறங்குமுன் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாள் இன்னொரு கை, அதன்பின் எனாமல் இரண்டு கை. பிறகு வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழை படாத சன்ஷேடு அடிக் கம்பிதான் முதலில் போகும், ஏனென்றால் அங்கே படிந்த உப்பைக் கழுவ மழையும் வராது. கம்பியை மாற்றுவதாக இருந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் கேளுங்கள். 304 கடற்கரையில் பழுப்பேறும்.

கிணற்றுக்கு வருவோம். கடலோர மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. பெரிய மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறும். கரிக்கிறதே என்று கிணற்றை ஆழப்படுத்தினால் இன்னும் கெடும். சின்ன மோட்டாரில் கொஞ்ச நேரம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறையுங்கள். இறைக்கும் குழாயின் அடிநுனியில் இருக்கும் ஃபுட்வால்வைக் கிணற்றுத் தரையில் உட்கார விடாமல் தூக்கிக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைக் கிணற்றுக்குள் விடுவது எல்லாவற்றிலும் முக்கியம். 1000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். சிந்தியது போக 700 லிட்டராவது கிடைக்கும். மாடியில் படிந்த உப்பும் தூசியும் போக முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைச் சரளைக்கல், மணல் வழியாக வடித்து இறக்குங்கள்.

இந்த வேலைகளுக்கு ஈடாக இந்த ஊர் தருவதை டவுனில் விலைக்கு வாங்க முடியாது. விடியக் கரையேறும் வள்ளத்துச் சாளை மத்தியானம் உங்கள் மண்சட்டியில் இருக்கும். அரை கிலோவுக்கு எலுமிச்சை அளவு புளி, அரை மூடித் தேங்காய், சீரகம், ஏழெட்டுச் சின்ன உள்ளி. குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள், சாளை உடையாது. பங்குனி, சித்திரையில் தேரிக்காட்டுப் பதநீரைக் காலையிலேயே குடித்துவிடுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் வெயிலேற ஏறப் புளித்துவிடும். பனையோலைப் பட்டையில் ஊற்றி நுங்கு போட்டுத் தந்தால் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வேறெங்கும் போக மாட்டார்கள். உங்கள் மகனையும் ஒரு சித்திரை மாதம் வரச்சொல்லுங்கள்.

கேள்வி: காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வருகிறதே, பிள்ளைகளைக் கரைக்கு விடலாமா?
- வாசகர், கூட்டப்புளி

பதில்: அது கள்ளக்கடல். தெற்கே வெகு தூரத்தில் அடித்த புயல்காற்றின் அலை, சில நாள் பயணப்பட்டு இங்கே வந்து சேர்கிறது. அதனால்தான் நம் ஊரில் அடையாளமே தெரிவதில்லை. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. சித்திரை, வைகாசியில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை நாளில் யாரும் கரைக்குப் போக வேண்டாம், வள்ளங்களையும் மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள். மற்ற நாளில் சாயங்காலம் தாராளமாக விளையாடட்டும், பெரியவர் ஒருவர் கூட இருந்து, நனைந்த மணலுக்கு மேலேயே.