துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஊர்

கேள்வி: வியன்னாவில் முதுகலை படிக்க வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. திரைப்பாடல்களோடு வளர்ந்தவன் நான். உடன் படிப்பவர்கள் சிம்பொனி, ஆபரா என்று பேசும்போது வாயைத் திறக்க முடிவதில்லை. ஒரு சிம்பொனியை இணையத்தில் கேட்டுப் பார்த்தேன், தூக்கம்தான் வந்தது. பணமும் குறைவு. பழைய இசையிலிருந்து தொடங்குவதா, புதியதிலிருந்தா?

பதில்: தூங்கியதற்காக வெட்கப்பட வேண்டாம், முதல்முறை கேட்பவரைத் தூங்கவைக்காத சிம்பொனிகள் குறைவு. உங்களுக்கு இசையறிவு போதவில்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு திரைப்பாடலின் இரண்டாவது இடையிசையில் வயலின்கள் எங்கே ஏறும், புல்லாங்குழல் எங்கே நுழையும் என்பதை யாரும் உங்களுக்குப் பாடம் நடத்தவில்லை. டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால் அது தானாகவே மனப்பாடம் ஆயிற்று. வியன்னாவின் இசை அப்படி உங்கள் காதில் விழ வாய்ப்பு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதையே கேளுங்கள். வியன்னாவின் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'முடிவுறாத சிம்பொனி'யை நான் பரிந்துரைப்பேன். 1822இல் அந்த ஊரிலேயே எழுதப்பட்டது. முழுமையாகக் கிடைத்திருப்பவை இரண்டு பகுதிகள் மட்டுமே என்பதால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஷூபர்ட் 1828இல் இறந்தார். இது முதன்முதலாக மேடையேறியது 1865இல். தொடக்கத்தில் வயலினின் பெரிய அண்ணன்களான செல்லோக்களும் டபுள் பேஸ்களும் அடித்தொண்டையில் முனகுவதுபோல ஒரு வரியை வாசிக்கும். சற்று நேரத்தில் ஊதுகருவிகளான ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து ஒரு மெட்டைத் தொடங்கும். பிறகு செல்லோக்கள் தனியே ஒரு பாட்டைப் பாடும். அந்தச் செல்லோ மெட்டை, சமைக்கும்போது நீங்களே அறியாமல் முணுமுணுக்கத் தொடங்கும் நாளில் உங்கள் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

பணத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். 1869இல் திறக்கப்பட்ட அரசு ஆபரா மாளிகையில் நின்றபடி பார்ப்பதற்கென்றே நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. நல்ல இருக்கையின் விலையோடு ஒப்பிட்டால் அவற்றின் கட்டணம் மிகச் சிறியது. தரைத்தள நிற்குமிடம் மேடைக்கு நேர் எதிரே இருப்பதால் முன்னதாகவே வரிசையில் நில்லுங்கள். உள்ளே போனதும் கைப்பிடிக் கம்பியில் உங்கள் கழுத்துத் துணியைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது. அதன்பின் வெளியே போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டும் வரலாம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த நமக்கு இதைச் சொல்லித்தரவா வேண்டும்? கம்பியில் பொருத்திய சிறு திரையில் ஆங்கில வரிகளும் ஓடும். முதல் ஆபராவாக மோட்சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். வாக்னரின் ஆபராக்கள் மிக நீளமானவை; அவரை நின்றுகொண்டு கேட்பது கால்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஞாயிறு காலையில் அகஸ்டீனர் தேவாலயத்தில் ஹெய்டன், மோட்சார்ட், ஷூபர்ட் ஆகியோரின் திருப்பலி இசையை இசைக்குழுவோடு கேட்கலாம்; நுழைவுச்சீட்டு தேவையில்லை. இசைப் பல்கலைக்கழக மாணவர்களின் கச்சேரிகளிலும் பல இலவசமாகவே நடக்கின்றன.

கைதட்டுவதில் மட்டும் கவனம் தேவை. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுவோம். அங்கே சிம்பொனியின் பகுதிகளுக்கு இடையே இருமல் சத்தம் மட்டுமே கேட்கும். இசைக்குழுவை நடத்துபவரின் கைகள் முழுவதுமாகக் கீழே இறங்கும் வரை பொறுத்திருங்கள்.

பழையதா புதியதா என்ற கேள்விக்கு நாட்காட்டியே பதில் சொல்லிவிடுகிறது. ஆபரா மாளிகை ஜூன் இறுதியோடு கோடை விடுமுறைக்கு மூடிவிடும் என்பதால் இப்போது பழையதைக் கேளுங்கள். புதிய இசைக்கென்றே இசைக்குழு நடத்துநர் கிளாடியோ அப்பாடோ 1988இல் தொடங்கிவைத்த 'வீன் மோடர்ன்' விழா இலையுதிர் காலத்தில் வரும். அதில் ஏதாவது ஒரு நிகழ்ச்சி காதுக்கு ஒவ்வாமல் போனால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள்: 1913 மார்ச் 31 அன்று இசையமைப்பாளர் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரியில், அவருடைய மாணவர் ஆல்பன் பெர்க்கின் புதுமையான பாடல்களைக் கேட்ட வியன்னாக்காரர்களே கைகலப்பில் இறங்கி நிகழ்ச்சியைப் பாதியில் நிற்கவைத்தார்கள். அந்தக் கலவரம் நடந்த 'முசிக்ஃபெராயின்' என்னும் இசை அரங்கின் பொன்மண்டபத்தின் பின்பகுதியிலும் மலிவான நிற்குமிடங்கள் உண்டு. ஷூபர்ட்டின் அந்தச் சிம்பொனி அங்கே எப்போது வாசிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவையுங்கள்.