திரும்பி வருகிற கை

கேள்வி: கல்லூரி நாட்களில் கராத்தேயில் பிரவுன் பெல்ட் வரை வந்தவன் நான். 1999-இல் வேலை கிடைத்ததும் பயிற்சி நின்றுபோனது. இப்போது 46 வயது. புதுச்சேரியில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் நாளே என்னைவிட 20 கிலோ குறைந்த ஒரு பையன் மேலே படுத்து மூச்சுத் திணற வைத்தான். இரண்டு முறை கையை மடக்கினான். பேசாமல் கராத்தேவுக்கே திரும்பிவிடலாமா, மாஸ்டர்?
- பெயர் வேண்டாத வாசகர், செம்மண்டலம், கடலூர்.

பதில்: மடக்கியிருக்க மாட்டான் தம்பி, நீட்டியிருப்பான். அதுவும் நீங்களாகவே நீட்டிக் கொடுத்த கையாக இருக்கும். மேலே கிடப்பவனை இரண்டு கையாலும் நெட்டித் தள்ளுவது நம் போன்றவர்களின் பழக்கம். நீண்ட கை அவனுக்குக் கரும்பு. மணிக்கட்டைத் தன் மார்போடு அணைத்து, உங்கள் முகத்தின் குறுக்கே ஒரு காலைப் போட்டு, இடுப்பைச் சற்று உயர்த்தினால் போதும், முழங்கை பின்பக்கமாக வளையும். நான் 41 வயதில் ஜூடோவுக்குப் போனபோது இப்படித்தான் கொடுத்தேன். தோற்றேன் என்பதற்கு அடையாளமாக உடனே கையால் தட்டியிருந்தால் எதிராளி விட்டிருப்பான். சின்னப் பையனிடம் தட்டுவதா என்று இரண்டு நொடி யோசித்தேன். அதன்பிறகு இரண்டு மாதம் இடக்கையால் தோசை பிய்த்துத் தின்றேன்.

கராத்தேயில் ஒரு கை குத்தப் போகும்போது மறு கை இடுப்புக்குத் திரும்பி வருமே, ஹிக்கிடே என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதை வெறும் அழகு என்றே பல வருடம் நினைத்திருந்தேன். விலாவை உரசிக்கொண்டு வரும் அந்த முழங்கைதான் தரையில் உங்களைக் காப்பாற்றும். எதிராளியின் சட்டைக் கையைப் பற்றி இழுப்பதும் அதே இழுப்புதான். குத்துகிற கையைக் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

அடியில் மாட்டினால் தள்ளாதீர்கள். ஒருக்களியுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி இடுப்பைப் பின்னால் வீசினால் ஒரு சாண் இடைவெளி கிடைக்கும். அதில் முழங்காலை நுழையுங்கள். இந்த அசைவுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் இறால். கடலூர்க்காரருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

பையனின் எடையை நினைத்து வெட்கப்பட வேண்டாம். ஜிகோரோ கானோ 1882-இல் தொடங்கிய ஜூடோவை மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அங்கே கிரேசி சகோதரர்கள் அதிலுள்ள தரைச் சண்டையைப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவாக வளர்த்ததே, சின்ன உடம்பு பெரிய உடம்பைச் சமாளிக்கத்தான். நமக்கும் இது அந்நியமில்லை. ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் பாடிய சங்கப் புலவர், ஒரு கால் மார்பில், மறு கால் முதுகுப் பக்கம் என்று கால் வைத்த இடத்தைக்கூடச் சொல்லியிருக்கிறார்.

வாரம் இரண்டு நாள் போதும். விழுவதற்குத் தனியாகப் பழகுங்கள்: தேவனாம்பட்டினம் கடற்கரையில் காய்ந்த மணலாகப் பார்த்து, மோவாயை நெஞ்சில் ஒட்டி, பின்பக்கம் உருண்டு இரு கையாலும் மணலை அறையுங்கள். ஈரமணல் வேண்டாம், அது சிமெண்டுத் தரை. இரத்த அழுத்தம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கராத்தேவுக்கும் போகலாம், மூன்று மாதம் கழித்து.

கேள்வி: என் கணவர் இந்த வயதில் மறுபடியும் ஜூடோவுக்குப் போகிறார். உடம்பெல்லாம் படர்தாமரை. இப்போது பிள்ளைக்கும் வந்துவிட்டது.
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: ஆறும்வரை அவர் வகுப்புக்குப் போகக் கூடாது, மற்றவர்களுக்கும் ஒட்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். தோல் மருத்துவரிடம் இருவரையும் சேர்த்தே காட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் குளியல், ஒவ்வொரு முறையும் துவைத்த உடை. ஐப்பசி மழையில் அந்தத் தடித்த துணி காயாது, இரண்டு செட் வேண்டும். அவருடைய பையைத் திறந்து பாருங்கள், அம்மா. நேற்றைய உடை அதற்குள்தான் இருக்கும்.