காகிதக் கடையில் கைவிரலுக்கும் வேலை உண்டு: வாசகர் கேள்வி – பதில்

கே: மகளின் திருமண அழைப்பிதழுக்காக ஒரு நாள் பயணமாகச் சென்னை வருகிறேன். எல்லோரும் ஆண்டர்சன் தெருவுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே எதைப் பார்த்து, எப்படித் தேர்வு செய்வது?
– வாசகி, மதுரை

ப: சரியான இடத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் வடபுறம் ஓடும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு அது. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே சென்றுவிடலாம். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, கடை திறந்ததும் போய்ச் சேருங்கள். பிற்பகலில் தாள்கட்டு ஏற்றிய வண்டிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று நிதானமாகப் பார்க்க இயலாது.

கடைக்காரர் முதலில் நீட்டுவது மினுமினுக்கும் ஃபாயில் வேலைப்பாடும், மடித்து மடித்துத் திறக்கும் பெட்டி அட்டைகளும்தான். அவற்றை ரசியுங்கள், ஆனால் முடிவெடுக்கும் முன், பிடித்த அட்டையில் ஒரு மாதிரியை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். கடை விளக்கில் குங்கும நிறமாகத் தெரிந்தது வெயிலில் செங்கல் நிறமாக மாறிவிடுவதுண்டு. அடுத்து, மடிப்பைப் பாருங்கள். தாளுக்கு இழையோட்டம் உண்டு. ஆலையில் இயந்திரம் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படிந்திருக்கும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கனமான அட்டையை மடித்தால் மடிப்பில் மேற்பூச்சு வெடித்து, அடர்ந்த மெரூன் அட்டையில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். மடிப்பதற்கு முன் கிரீசிங் (மடியும் இடத்தில் கோடாக அழுத்திப் பள்ளமிடுவது) போட்டுத் தருவார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. கைப்பையில் சிறிது மஞ்சள் தூள் எடுத்துச் செல்லுங்கள். நாம் அழைப்பிதழின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைக்கிறோம். பளபளப்பான ஆர்ட் பேப்பரிலும் லேமினேஷன் செய்த அட்டையிலும் குழைத்த மஞ்சள் பிடிக்காமல், காய்ந்ததும் பொரிந்து உதிர்ந்துவிடும். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் அது உள்ளே இறங்கி நிற்கும். மஞ்சள் தாளில் சிவப்பு மையால் அச்சிட்ட பழைய பாணி அழைப்பிதழை இன்றும் நான் மிக அழகானது என்று கருதுவதற்கு இது ஒரு காரணம். மற்றொரு காரணம், முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் அதில் பாட்டியால் கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடியும். நீங்கள் எந்த அட்டையை எடுத்தாலும் அந்த இரண்டு வரிகளையாவது பெரிய எழுத்தில், பூவேலைப்பாட்டின் மேல் ஏறாதபடி அமைக்கச் சொல்லுங்கள்.

கே: 100 ஜி.எஸ்.எம். என்று அட்டையில் போட்டிருந்த நோட்டை அதிக விலைக்கு வாங்கினேன். ஆனாலும் ஊற்றுப்பேனாவால் எழுதினால் மை பரவி மறுபக்கத்திலும் தெரிகிறது. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர், திருநெல்வேலி

ப: எடை சரியாகவே இருந்திருக்கலாம். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை. மையைத் தாள் எப்படி ஏற்கும் என்பதை அந்த எண் சொல்லாது. தாள் என்பது அடிப்படையில் மரம், கரும்புச் சக்கை, பருத்தி போன்றவற்றின் நார். அந்த நாரை அப்படியே தாளாக்கினால் மையொற்றும் தாள் போலத்தான் உறிஞ்சும். ஆகையால் ஆலையில் கூழிலேயே ரோசின் போன்ற நீர் ஒட்டாத பொருளைக் கலக்கிறார்கள். தாளின் மேற்பரப்பில் மாவுப் பசையும் பூசுகிறார்கள். இதற்குச் சைசிங் என்று பெயர். இது குறைந்தால் தடித்த தாளும் ஊறும். நன்றாக அமைந்தால் மெல்லிய தாளும் தாங்கும். பேனா பிரியர்கள் தேடித்தேடி வாங்கும் ஜப்பானின் டொமோயே ரிவர் தாளில் புகழ்பெற்ற வகை வெறும் 52 ஜி.எஸ்.எம். தான்.

அடுத்த முறை கடைக்கு உங்கள் பேனாவையே கொண்டுசெல்லுங்கள். கடைக்காரரின் அனுமதியோடு, மாதிரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ழ’ என்று ஒருமுறை மெதுவாக எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து நிப்பை எடுக்காமல் மூன்று எண்ணுங்கள். எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வேர்கள் போல மை கிளைவிட்டால் அந்த நோட்டு வேண்டாம். புள்ளி மறுபக்கம் வந்திருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். மை ஊறாத தாளில் எழுத்து காயச் சற்று நேரமாகும் என்பதால், கை வியர்ப்பவர்கள் கைக்கடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதுவது நல்லது.

கே: ஏ4 தாள் கட்டு வாங்கும்போது சொன்ன ஜி.எஸ்.எம். இருக்கிறதா என்று எப்படி அறிவது?
– வாசகர், ஈரோடு

ப: தராசில் வையுங்கள். ஏ0 அளவு ஒரு சதுர மீட்டர். அதைப் பாதி பாதியாக நான்கு முறை மடித்தால் ஏ4. எனவே 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. 70 ஜி.எஸ்.எம். என்றால் 2.2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

கே: புதுச்சேரிக்குச் செல்கிறோம். கையால் செய்த காகிதம் பார்க்க எங்கே போகலாம்? அதில் எழுத முடியுமா, அல்லது அலங்காரத்துக்கு மட்டும்தானா?
– வாசகி, சேலம்

ப: ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் இயங்கி வருகிறது. பருத்தித் துணிக் கழிவை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, பிழிந்து உலர்த்துவதுதான் இத்தொழில். அங்கே கிடைக்கும் மார்பிள் தாள்களை அவசியம் பாருங்கள். குழைவான நீர்மத்தின் மேல் வண்ணங்களை மிதக்கவிட்டு, குச்சியாலோ சீப்பு போன்ற கருவியாலோ கீறி, அதன் மேல் தாளை ஒரே மூச்சில் படியவைத்து எடுக்கும்போது, நீரில் மிதந்த கோலம் முழுவதும் தாளுக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. பிடித்ததைக் கண்டால் அப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு வந்து தேடினால் அதே தாள் கிடைக்காது.

எழுதுவதைப் பொறுத்தவரை, சொரசொரப்பான தாளில் கூரிய நிப் நாரைக் கிளறும். அழுத்தி வழவழப்பாக்கிய வகையைக் கேட்டு வாங்கினால் கடிதத்துக்கு மிக ஏற்றது.

கே: எங்கள் தெருவில் ஒரு பழைய ஸ்டேஷனரி கடை இருக்கிறது. நின்று பார்த்தாலே ‘என்ன வேணும்?’ என்று அவசரப்படுத்துகிறார்கள். நிதானமாகப் பார்ப்பது எப்படி?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: நேரத்தை மாற்றிப் பாருங்கள். பள்ளி திறக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும், குறிப்பாக ஜூன் மாதத்திலும், அவர்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது. நண்பகலில் சென்று, பென்சிலோ பிரவுன் ஷீட்டோ ஏதேனும் ஒன்றை வாங்கிவிட்டு, ‘தையல் பைண்டிங் போட்ட நோட்டு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். தொழில் தெரிந்த கேள்வி கேட்பவரைக் கடைக்காரர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். நோட்டை நடுவில் விரித்தால், ஒன்றாக மடித்த தாள் தொகுப்பின் மடிப்பில் நூல் தெரிய வேண்டும். பசை மட்டும் தடவிய நோட்டு முழுமையாக விரியாது, விரித்து அழுத்தினால் பக்கம் கையோடு வந்துவிடும்.

நான் வழக்கமாகச் செல்லும் கடையில் ஒருநாள் அப்படிக் கேட்டபோது, அந்த அம்மா பதில் சொல்லாமல் ஏணியைச் சாய்த்துப் பரணில் ஏறினார். சிவப்புத் துணி போர்த்திய, முதுகில் காலிகோ என்ற பருத்தித் துணி ஒட்டிய நீளப் பேரேடு ஒன்றைத் தூசி தட்டி இறக்கினார். கணினி வந்த பிறகு கணக்குப் புத்தகம் கேட்டு யாரும் வருவதில்லை என்றார். மேசைமேல் திறந்தபோது எந்தப் பக்கத்திலும் கையை வைத்து அழுத்தத் தேவையின்றி அது படுத்துக் கிடந்தது. அதில்தான் இப்போது இந்தப் பதில்களுக்கான குறிப்புகளை எழுதிவருகிறேன். உங்கள் தெருக் கடையின் பரணையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.