கேள்வி – பதில்: சிறப்புக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான படுக்கை

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அவ்வப்போது வலிப்பும் வரும். தானாக எழுந்து உட்கார மாட்டான். ஆனால் கைகால் விறைக்கும்போது மெல்ல நகர்ந்து கட்டிலின் ஓரத்துக்கு வந்துவிடுகிறான். ஒருநாள் விழுந்து நெற்றியில் அடிபட்டது முதல், கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டு, மறுபுறம் தலையணைகளை அடுக்கி வைக்கிறோம். மருத்துவமனையில் இருப்பதைப் போல் பக்கக் கம்பி வைத்த பழைய கட்டில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– ஒரு தாய், சங்கரன்கோவில்

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. விழுந்துவிடுவானோ என்ற உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து இடுக்குகளில் இருக்கிறது. கம்பிகளுக்கு நடுவிலோ, கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலோ உடல் நழுவி இறங்கித் தலை மட்டும் மேலே மாட்டிக்கொண்டால், கழுத்து இறுகி மூச்சு நின்றுவிடும். தலையைத் தூக்கவோ குரல் கொடுக்கவோ இயலாத பிள்ளை அதிலிருந்து மீள முடியாது. பக்கத்து அறையில் உறங்குபவர்களுக்குச் சத்தமும் கேட்காது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மருத்துவமனைக் கட்டிலின் கம்பிகளுக்கு இடையே 120 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். அதுவும் பெரியவர்களின் தலையைக் கணக்கில் கொண்டு வகுத்த அளவு. மெலிந்த பிள்ளையின் இடுப்பும் மார்பும் அதைவிடச் சிறிய இடைவெளியிலும் நழுவிவிடக்கூடும். பெரியவர்களுக்கான மருத்துவக் கட்டில்கள் குறைந்தது 146 செ.மீ. உயரமும் 40 கிலோ எடையும் உள்ளவர்களை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. அதனால்தான் குழந்தைகளுக்கான மருத்துவக் கட்டில்களுக்கென்று ஐரோப்பாவில் 2017-இல் இ.என். 50637 என்னும் தனித் தரநிலை வகுக்கப்பட்டது.

உங்கள் இப்போதைய ஏற்பாட்டையும் இன்றே மாற்றிவிடுங்கள். பிள்ளை அசைய அசையக் கட்டில் சுவரை விட்டு விலகும். அந்தச் சந்தில் அவன் இறங்கிவிடலாம். வலிப்பு வரும்போது தலையணையில் முகம் புதைந்தால், அதைத் தள்ளிவிட அவனால் முடியாது.

என்னைக் கேட்டால், முதலில் மெத்தையைத் தரைக்கே கொண்டுவாருங்கள். தரைக் குளிர் ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், ஒரு சாண் உயரத்துக்கு மிகாத மரப்பலகை போதும். சுற்றிலும் தடித்த பாய் விரித்துவிட்டால் உருண்டாலும் அடிபடாது. படுக்கை சுவரிலிருந்து நன்றாகத் தள்ளியே இருக்கட்டும். முகம் அமுங்கிப் போகும் இலவம்பஞ்சு மெத்தையைவிட, கெட்டியான தென்னை நார் மெத்தையே இவனுக்கு ஏற்றது. கொசுவலையின் தொங்கும் ஓரங்களும் நாடாக்களும் கழுத்தில் சுற்றாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிரமம் உண்டு என்பதையும் நான் மறைக்கக் கூடாது. பிள்ளை வளர வளர, தரையிலிருந்து அவனைத் தூக்கித் துடைத்து உடை மாற்றும் தாயின் முதுகுதான் முதலில் தேயும். உடை மாற்றவும் உடற்பயிற்சி செய்யவும் இடுப்பளவு உயரமுள்ள மேசை ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் இருக்கும்போது ஒரு கை எப்போதும் அவன்மேல் இருக்க வேண்டும்.

தச்சரிடம் தடுப்புள்ள கட்டில் செய்யச் சொல்வதானால், சட்டங்கள் செங்குத்தாக இருக்க வேண்டும். இடைவெளி எங்கேயும் 6 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது. மெத்தை நான்கு பக்கமும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். பிற்காலத்தில் படுக்கைப் புண்ணுக்காக அதன்மேல் காற்று மெத்தையை விரித்தால் தடுப்பின் உயரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். மெத்தையின் ஓரம் அமுங்கிப் புது இடுக்கும் உண்டாகும். அப்போது எல்லாவற்றையும் மறுபடி அளந்து பாருங்கள்.

கேள்வி: ஆட்டிசம் உள்ள என் மகள் நள்ளிரவில் எழுந்து வாசல்வரை போய்விடுகிறாள். காலைச் சேலைத் துணியால் கட்டிலோடு கட்டிவைக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, ஆரணி

பதில்: கட்டவே கூடாது, ஐயா. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பிக்க இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். துணியால் கட்டினாலும் அந்த ஆபத்து மாறாது; புரளும்போது முடிச்சு இறுகி இரத்த ஓட்டமும் தடைப்படும். வெளியிலிருந்து அறையைப் பூட்டுவதும் இதே காரணத்தால் தவறுதான்.

வாசற்கதவின் உச்சியில் பெரியவர்களின் கைக்கு எட்டும்படி ஒரு தாழ்ப்பாளும், கதவு திறந்தால் ஒலிக்கும் மணியும் பொருத்துங்கள். அலமாரி போன்ற கனமான சாமான்களைச் சுவரோடு திருகி இறுக்கிவிடுங்கள். அவள் ஏன் விழிக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும்: மலச்சிக்கல், பல்வலி, வலிப்பு, ஆடையின் உறுத்தல் என எதுவாகவும் இருக்கலாம், சொல்லத் தெரியாத குழந்தை எழுந்து நடக்கிறாள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னைக்கு வர முடிந்தால், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தேசிய நிறுவனத்தின் சிகிச்சையாளர்களிடம், நீங்கள் கைபேசியில் எடுத்த அவளுடைய அறையின் படங்களைக் காட்டி ஆலோசனை கேளுங்கள்.