இருட்டு நாவல்களாகப் படிக்கும் பெண்ணை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குப் பள்ளியில் இது கடைசி வருஷம். எந்நேரமும் அரசாங்கம் புத்தகத்தை எரிக்கிற கதை, ஆளையே விடாமல் கண்காணிக்கிற கதை. கேட்டால் டிஸ்டோபியா, அதாவது கொடுங்கோல் ஆட்சி முற்றிய கற்பனை உலகக் கதை என்கிறாள். இன்ஜினீயரிங் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். 'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, அவளுக்குத் தெரியாமல் அவள் நோட்டில் நான்கு பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த நாவல்களைப் பற்றி, படிப்பு ஆலோசகர் என்ற முறையில் எனக்கு ஒரு தொழில்முறை அபிப்பிராயம் உண்டு. இவையெல்லாம் வேலையைப் பற்றிய கதைகள். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாயகன் நேரத்துக்கு ஆபீஸ் போகிற அரசு ஊழியன். ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' நாயகன் தீயணைப்புத் துறையில் இருக்கிறான். அந்த ஊரில் அத்துறையின் வேலை புத்தகங்களுக்குத் தீ வைப்பது. இவர்களுக்கெல்லாம் முன்னோடியான யெவ்கேனி ஸமியாதினின் 'நாங்கள்' நாவலில் கதை சொல்பவன் விண்கலம் கட்டுகிற இன்ஜினீயர்! நீங்கள் ஆசைப்பட்ட உத்தியோகம் அங்கேயும் இருக்கிறது. அதனால் இந்தக் கதைகளில் எந்த நாற்காலி அவள் கண்ணில் பட்டது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படத்தை எடுத்துப் பாருங்கள். '1984' நாயகனுக்குப் பழைய செய்தித்தாள்களைத் திருத்துகிற வேலை. ஆட்சி அன்று சொன்னது இன்று பலிக்கவில்லை என்றால், அன்றைய பேப்பரையே மாற்றி மறுபடி அச்சிட்டுக் கோப்பில் வைத்துவிடுவார்கள். கையில் மிஞ்சிய துண்டுக் காகிதத்தைச் சுவரில் இருக்கும் ஒரு துவாரத்தில் போட்டால் அது நேரே உலைக்குப் போய்விடும். உங்கள் பெண் அந்தத் துவாரத்தை வரைந்து, அம்புக்குறி போட்டு, கீழே பென்சிலில் எழுதியிருக்கிறாள்: 'ஒரு நாள் பேப்பர் எத்தனை பிரதி அச்சாகும்? எல்லாவற்றையும் திரும்ப வாங்க முடியுமா? யாராவது ஒருத்தர் பெட்டியில் வைத்திருந்தால்?' அதை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே, 'வைத்திருந்தாலும், அதுதான் அசல் என்று எப்படி நிரூபிப்பது?'

இந்த நாவலைப் படித்துவிட்டு என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சித்திரவதையைப் பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் காதலைப் பற்றி. இவள் ஆபீஸ் நடைமுறையில் ஓட்டை தேடுகிறாள். அடித்துவிட்டுக் கடைசியாக அவள் கேட்டது, ஆவணக் காப்பாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிற கேள்வி. இந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது, யார் யார் கை மாறியது, நடுவில் எங்கே தடம் விட்டுப்போனது என்று கோத்துக்கொண்டே போவார்கள். கணினிக் கோப்பு என்றால் அதற்கு ஹேஷ் என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டு வைப்பார்கள். உள்ளே ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த முறை கணக்கிடும்போது வேறு எண் வரும். இதை அவளிடம் சொல்லிப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். 1953-இல் வந்த 'ஃபாரன்ஹீட் 451' நாவலுக்கே கத்தரி விழுந்தது. 1967-இல் பள்ளிகளுக்கென்று ஒரு பதிப்பு வந்தது. அதில் கெட்ட வார்த்தை, கருக்கலைப்பு என்றெல்லாம் வந்த 75 இடங்களில் கை வைத்துவிட்டார்கள். எந்த அரசாங்கமும் கேட்கவில்லை, பதிப்பகத்தில் இருந்தவர்களே செய்தது. எழுத்தாளருக்குச் சொல்லவும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து மாணவர்கள் கடிதம் எழுதித்தான் அவருக்கே தெரிந்தது. அப்புறம் பழையபடி முழுதாக அச்சிட்டார்கள்.

2009-இல் அமேசான் நிறுவனம் வாசகர்களின் கிண்டில் என்ற மின்புத்தகக் கருவிகளிலிருந்து '1984' நாவலையே தொலைவிலிருந்து அழித்தது. விற்றவருக்கு அதை விற்கும் உரிமை இல்லை என்பது காரணம், காசும் திரும்பி வந்தது. ஆனால் பாடத்துக்காக ஒரு மாணவர் எடுத்து வைத்திருந்த குறிப்புகள் எந்த வரிக்கு என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றன. விஷயம் வழக்கு வரைக்கும் போனது. இந்தக் கதை அவளுக்கு அதிகம் பிடித்தால், ஆவணத்தைவிடத் தொழில்நுட்பச் சட்டம் அவளுக்குப் பொருந்தலாம்.

சரி, படிப்புக்கு வருவோம். ஆவணக் காப்பகமும் நூலகவியலும் பெரும்பாலும் பட்டப்படிப்புக்குப் பிறகு எடுப்பவை. முதல் பட்டம் வரலாறாக இருக்கலாம், கணினியாகவும் இருக்கலாம். ஆகவே அவசரம் இல்லை. காலி இடங்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கணினி தெரிந்தவருக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறக்கும். வீட்டில் இன்ஜினீயரிங்தான் என்று பிடிவாதம் இருந்தால், டிஜிட்டல் ஆவணப் பாதுகாப்பு அந்த வழியிலும் இருக்கிறது என்று பேசிப் பாருங்கள். சட்டம் நல்ல தேர்வு. இதழியலும் சரிதான். இலக்கியம் படிக்கிறேன் என்றால் சேரட்டும், ஆனால் நாவல் படிக்கிற ருசி வேறு, நாவலைப் பற்றி முப்பது பக்கம் எழுதுகிற உழைப்பு வேறு.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கிறேன். சமூக வலைத்தளங்களில் பதிவுகளைப் பார்த்து நீக்குகிற வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். 'தணிக்கையைப் பற்றித்தானே படித்தாய்' என்று யாராவது அதில் தள்ளிவிடுவார்கள். ஆரம்ப நிலையில் அது கோரமான காட்சிகளை மணிக்கணக்கில் பார்க்கிற ஒப்பந்த வேலை, மனசு தாங்காது. விதிகளை வகுக்கிற மேல்நிலை வேலை வேறு. அதற்குச் சட்டமோ பொதுக்கொள்கையோ படித்துவிட்டுப் போகலாம்.

நாற்காலியின் அந்தப் பக்கத்தையும், அதாவது தணிக்கை செய்கிறவர் பக்கத்தையும், அவளிடம் பேசுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்வெல்லின் மனைவி தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவர். ஆர்வெல் 1941 முதல் 1943 வரை பிபிசி வானொலியில் இருந்தார். அங்கே எழுதியதெல்லாம் தணிக்கையைத் தாண்டித்தான் ஒலிபரப்பாகும். நாவலில் வருகிற அந்த ஆபீஸ் வெறும் கற்பனையில் முளைத்ததல்ல. 'நீ அங்கே வேலையில் இருந்தால் எதை வெட்டுவாய், எதை விடுவாய்?' என்று கேளுங்கள். என்னிடம் இதற்குத் தயார் விடை கிடையாது.

விடுமுறையில் ஒரு சின்ன வேலை கொடுங்கள். ஏதாவது ஒரு பழைய புத்தகத்தின் இரண்டு பதிப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, மாறியதைப் பட்டியல் போடட்டும். இருபது பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்தால் காப்பகம் வேண்டாம், வேறு யோசிப்போம். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் உட்கார்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

அப்புறம் அந்தப் போட்டோக்கள். நான்கையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு எதுவும் நடக்காத மாதிரி இருந்துவிடாதீர்கள். எடுத்தேன், ஓர் ஆலோசகருக்கு அனுப்பினேன் என்று அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வாள், இரண்டு நாள் பேசாமலும் இருப்பாள். என்னைப் பார்க்க வரும்போது நோட்டைக் கொண்டுவருவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும்.